தடுப்பூசி பெற்ற பூனையும் அதன் குருதி கூறும் சான்றும்

தீவக மக்களின் இல்வாழ்க்கையிற் பூனைக்குரிய இடம் சிறிதன்று. வெருகு என்றும் பூசை என்றும் பழந்தமிழர் வழங்கிய இவ்வினம் நெடுந்தீவின் கல்வேலிகள் மீதும், நயினாதீவின் வீட்டு முற்றங்களிலும், ஊர்காவற்றுறையின் மீன் இறங்கு துறைகளிலும் நம்முடன் கூடியே வாழ்ந்து வருகின்றது. எலியிடமிருந்து நெல்லைக் காப்பது பூனை. பூனையிடமிருந்து கருவாட்டைக் காப்பது நமது கடமை. இவ்வுடன்படிக்கை தலைமுறை தலைமுறையாக நிலைத்து வந்துள்ளது.

ஆயினும், வீட்டு விலங்குகளுள் குழந்தையின் மடியிலும் பாயிலும் இடம்பெறுவது பூனையே யாதலின், அதற்கு வரும் நோய் நமக்கும் வரக்கூடியதாயின், அஃது எளிதிற் புறக்கணிக்கத்தக்க செய்தியன்று. இத்தகைய நோய்களுள் தலையாயது நீர்வெறுப்பு நோய். விசர்நோய் என நமது ஊரவர் வழங்குவது இதனையே. இதற்குத் தடுப்பூசி உண்டு என்பதும், நாய்க்கும் பூனைக்கும் அதனை இடுவித்தல் வேண்டும் என்பதும் இன்று பலர் அறிந்தவை. ஆனால், ஊசி இடப்பட்ட பூனையின் உடலில் உண்மையிலேயே காப்பு உண்டாயிற்றா, அதனை அறியும் வழி யாது, அவ்வழியால் அறியக்கூடியதும் அறியக்கூடாததும் எவை என்பவற்றைச் சிந்தித்தோர் சிலரே. அவற்றை எமது கல்லூரியின் பழைய மாணவர்க்கும், இன்று கற்கும் மாணவர்க்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும் இயன்ற அளவு எளிதாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நோயின் இயல்பை நோக்குவோம். நீர்வெறுப்பு நோயை உண்டாக்குவது ஒரு வைரசு. நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் தங்கி, கடிவாய் வழியே புகுந்து, நரம்பின் வழியே மெல்ல மெல்ல மூளையைச் சென்று சேர்வது அதன் இயல்பு. நோய்க்குறி தோன்றிய பின்னர் உயிர்பிழைத்தல் அரிதினும் அரிது. எனவே, இந்நோய்க்கு மருந்து என்பது வருமுன் காத்தலேயன்றி வேறன்று. இலங்கையில் 1893ஆம் ஆண்டிலேயே இந்நோயைக் குறித்துத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1973ஆம் ஆண்டில் இந்நாட்டில் இந்நோயால் மாண்டோர் தொகை 377. அதன் பின்னர், நாய்களுக்குத் தடுப்பூசி இடும் பணியும் கடிபட்டோர்க்கு அளிக்கும் சிகிச்சையும் பரவியதன் பயனாக, அத்தொகை பெரிதும் குறைந்து, அண்மைக் காலத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ இருபது முப்பது என்னும் அளவில் நின்றது. குறைந்தது என்பது உண்மை. ஒழிந்தது என்பது உண்மையன்று.

இந்நோயை மனிதர்க்குக் கொடுப்பதில் நாயே முதலிடம் பெறுகின்றது. இந்நாட்டில் அதற்கு அடுத்தபடியாகக் கருதப்படுவது பூனை. இங்கு ஒரு நுட்பத்தை நோக்குதல் வேண்டும். நாய்க்கும், வௌவாலுக்கும், நரிக்கும் உரிய வைரசு வகைகள் உள. பூனைக்கெனத் தனிவகை இருப்பதாக அறியப்படவில்லை. பூனை பிற விலங்கிடமிருந்தே இந்நோயைப் பெறுகின்றது. ஆகவே, அது நோயின் ஊற்றன்று. நோய் வீட்டினுட் புகும் வாயில் என்னலாம். அவ்வாயிலை அடைப்பதே பூனைக்கு ஊசி இடுவதன் பயன்.

இனி, தடுப்பூசி உடலிற் செய்யும் வேலை யாதெனக் காண்போம். பூனைக்கு இடப்படும் நீர்வெறுப்புத் தடுப்பூசிகளிற் பெரும்பாலானவை உயிர்ப்பு நீக்கப்பட்ட வைரசைக் கொண்டவை. அவ்வைரசு நோயை உண்டாக்க மாட்டாது. ஆயினும் உடல் அதனைப் பிறபொருள் என அறிந்துகொள்ளும். இவ்வாறு அறியப்படும் பொருளை உடலெதிரியாக்கி என்றும், அதற்கு மாறாக உடல் ஆக்கும் புரதத்தைப் பிறபொருளெதிரி என்றும் நமது விஞ்ஞான நூல்கள் வழங்கும். பிறபொருளெதிரி குருதியிற் கலந்து உலாவி, பின்னர் உண்மையான வைரசு புகுமிடத்து அதனைப் பற்றிக்கொண்டு, கலங்களினுள் நுழையவொட்டாது தடுக்கின்றது. குருதியின் தெளிந்த நீர்ப்பகுதியில் இத்தகைய காக்கும் ஆற்றல் உண்டென்பதை 1890ஆம் ஆண்டில் பெர்லினில் எமில் வொன் பேரிங் என்பவரும் யப்பானியராகிய கிற்றசாற்றோ என்பவரும் வெளிப்படுத்தினர். லூயி பாஸ்டர் 1885இல் யோசேப் மைஸ்ரர் என்னும் சிறுவனுக்கு நீர்வெறுப்புத் தடுப்பூசியிட்டு ஐந்தாண்டுகளே கழிந்திருந்த காலம் அது. ஊசி காக்கின்றது என்பது முதலில் அறியப்பட்டது. அது காக்கும் வகை பின்னரே அறியப்படலாயிற்று.

மாணவர்க்குத் தெரிந்த ஓர் உவமையாற் கூறின், தடுப்பூசி அட்டை என்பது வகுப்பின் வரவு இடாப்பைப் போன்றது. மாணவன் வகுப்புக்கு வந்தான் என்பதற்கு அது சான்று. பாடத்தைக் கற்றான் என்பதற்குச் சான்றன்று. கற்றதை அறியப் பரீட்சை வேண்டும். பூனையின் குருதியை எடுத்துப் பிறபொருளெதிரியை அளத்தலே அப்பரீட்சை. ஆயினும், பரீட்சைப் புள்ளி மாணவனின் அறிவு முழுவதையும் அளந்துவிடாதது போல, இவ்வளவீடும் காப்பு முழுவதையும் அளந்துவிடுவதன்று. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

ஊசி இட்டும் காப்பு உண்டாகாமற் போவதற்குக் காரணங்கள் சில உள. முதலாவது, மருந்தின் நிலை. தடுப்பு மருந்து 2 பாகை தொடக்கம் 8 பாகை செல்சியசு வரையான குளிரிற் பேணப்படல் வேண்டும். வெப்பம் மிகுந்தால் அதன் ஆற்றல் குன்றும், உறைந்தாலும் குன்றும். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே வேலணை, புங்குடுதீவு கடந்து, குறிகட்டுவான் துறையிற் படகேறி நெடுந்தீவு சேரும் ஒரு மருந்துப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். தரையிலும் கடலிலும் வெயிலைக் கடந்து செல்லும் அப்பெட்டியிற் பனிக்கட்டிப் பொதி போதாதாயின், புட்டியின் மேலுள்ள பெயர் மாறுவதில்லை. உள்ளிருக்கும் ஆற்றலே மாறிவிடுகின்றது. கண்ணாற் பார்த்து இதனை அறிதல் இயலாது.

இரண்டாவது, பூனைக்குட்டியின் வயது. தாய்ப்பூனை தன் பிறபொருளெதிரிகளைச் சீம்பால் வழியாகக் குட்டிக்கு ஊட்டுகின்றது. அவை குட்டியைச் சில கிழமைகள் காக்கும். ஆனால், அவை நிறைந்திருக்குங் காலத்தில் ஊசி இட்டால், மருந்திலுள்ள உடலெதிரியாக்கியை அவையே பற்றி அடக்கிவிடும். குட்டியின் உடல் தானாகக் கற்பதற்கு இடமின்றிப் போகும். இதன் பொருட்டே நீர்வெறுப்புத் தடுப்பூசியைப் பொதுவாகப் பன்னிரண்டு கிழமைக்குப் பின்னர் இடுவர். மூன்றாவது, பூனையின் உடல்நிலை. நோயுற்றும் புழுத்தொல்லையால் மெலிந்தும் இருக்கும் உடல் செவ்வனே கற்பதில்லை. நான்காவது, காலம். ஒருமுறை இட்ட ஊசியின் பயன் என்றும் ஒரே அளவில் நிற்பதன்று. பிறபொருளெதிரியின் அளவு ஊசிக்குப் பின் நான்கு முதல் ஆறு கிழமை வரையில் உச்சத்தை அடைந்து, அதன் பின்னர் படிப்படியாகக் குறைகின்றது.

அளக்கும் முறையை இனிக் கூறுவோம். மிருக வைத்தியர் பூனையின் கழுத்து நாளத்திலோ முன்கால் நாளத்திலோ சிறிதளவு குருதி எடுப்பார். குருதி உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீர்ப்பாயம் வேறாக்கப்படும். ஆய்வுகூடத்தில் அதனை 56 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்து, முடிவைக் குழப்பக்கூடிய வேறு சில புரதங்களைச் செயலறச் செய்வர். பின்னர் அதனைப் படிப்படியாக ஐதாக்குவர். ஒரு பங்கு மூன்று பங்காகவும், அதில் ஒரு பங்கு மீண்டும் மூன்று பங்காகவும், இவ்வாறே மேன்மேலும் நீர்த்துச் செல்வர். ஒவ்வொரு படியிலும் அளவறிந்த உயிருள்ள வைரசு சேர்க்கப்படும். பிறபொருளெதிரி போதிய அளவில் இருக்கும் படிகளில் வைரசு அடங்கிவிடும்; போதாத படிகளில் அது தப்பி நிற்கும். தப்பியதா அடங்கியதா என்பதை அறிய, வளர்ப்பு ஊடகத்தில் வளர்க்கப்பட்ட விலங்குக் கலங்கள் அதனுடன் சேர்க்கப்படும். இரண்டு நாட்களின் பின், ஒளிரும் சாயம் பிணைக்கப்பட்ட பிறபொருளெதிரியால் அக்கலங்களைச் சாயமிட்டு, தனிவகை நுணுக்குக்காட்டியால் நோக்குவர். வைரசு புகுந்த கலங்கள் பச்சையாக ஒளிரும். புகாதவை இருளாகவே இருக்கும். எவ்வளவு ஐதாக்கியும் வைரசை அடக்க முடிந்தது என்பதிலிருந்து, அக்குருதியின் ஆற்றல் கணிக்கப்படுகின்றது.

இம்முறை பிரான்சு நாட்டின் நான்சி நகர ஆய்வாளரால் 1998இல் வெளியிடப்பட்டது. இதற்கு முன்னோடியாக, ஏறத்தாழ ஒரு நாளில் முடிவு தரும் விரைவு முறையொன்று 1973இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டிருந்தது. இரண்டிலும் உயிருள்ள வைரசு கையாளப்படுவதால், தக்க காப்பமைந்த ஆய்வுகூடமும், தடுப்பூசி பெற்ற தேர்ந்த பணியாளரும் இன்றியமையாதவர். ஊர் மருந்தகத்தில் செய்துகொள்ளத்தக்க பரிசோதனையன்று இது.

ஆய்வுகூடங்கள் பலவாயினும் அளவு ஒன்றாயிருத்தல் வேண்டுமன்றோ? அதன் பொருட்டு, ஆற்றல் முன்னரே வரையறுக்கப்பட்ட ஒரு நியமச் சீரத்தை ஒவ்வொரு பரிசோதனையிலும் உடன்வைத்து ஒப்பிடுவர். அவ்வொப்பீட்டினாற் பெறப்படுவதே சர்வதேச அலகு. மில்லிலீற்றர் ஒன்றில் 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேற்பட்ட அளவு காணப்படின், உடல் தடுப்பூசிக்குத் தக்கவாறு விடையளித்துள்ளது என உலகெங்கும் கொள்ளப்படுகின்றது.

இவ்வெண்ணின் பொருளைச் சரியாக விளங்கிக்கொள்ளுதலே இக்கட்டுரையின் உயிர்நிலை. 0.5 என்பது மதிலின் உயரமன்று. அதற்கு மேல் நிற்கும் பூனை கடியினால் ஒருபோதும் நோயுறாது என்றோ, 0.4 உள்ள பூனை நோயுற்றே தீரும் என்றோ எவரும் உறுதி கூற இயலாது. குருதியிற் பிறபொருளெதிரி குறைந்தபின்னும், முன்னர் கற்றதை நினைவில் வைத்திருக்கும் கலங்கள் உடலில் தங்கியிருக்கும். வைரசு புகுமிடத்து அவை விரைந்து விழித்தெழும். அவற்றை இப்பரிசோதனை அளப்பதில்லை. எனினும், பெருந்தொகையான விலங்குகளை வைத்து நோக்கும்போது, இவ்வளவைப் பெற்றவை மிகப் பெரும்பாலும் காக்கப்பட்டிருத்தல் சோதனைகளிற் கண்ட உண்மை. எனவே இவ்வெண் நம்பத்தக்க அடையாளம், வாக்குறுதி அன்று.

பூனைக்குரிய ஒரு நற்செய்தியும் உண்டு. பிற நாடுகளில் பல்லாயிரம் விலங்குகளின் குருதி இவ்வாறு அளக்கப்பட்டபோது, இவ்வளவை எட்டாத பூனைகளின் வீதம் நாய்களின் வீதத்தினும் குறைவாகவே காணப்பட்டது. நாய்களைப் பொறுத்தவரை நமது நாட்டிலேயே ஓர் ஆய்வு நிகழ்ந்து 2017இல் வெளியிடப்பட்டது. முன்னர் ஒழுங்காக ஊசி பெறாத நாய்களுக்கும் குட்டிகளுக்கும் ஒரே ஒரு முறை ஊசி இடுதல், ஓராண்டு வரை போதிய அளவைப் பேணப் போதாது என்பதே அதன் சாரம். பூனைக்கு நேராகப் பொருந்தும் ஆய்வன்றாயினும், “ஒருமுறை இட்டோம், இனிக் கவலையில்லை” என்று இருந்துவிடலாகாது என்னும் படிப்பினை இரண்டுக்கும் பொதுவானதே.

நோய்தோறும் இவ்வளவீட்டின் மதிப்பு வேறுபடும் என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். பூனைக்குட்டிகளைக் கூட்டங்கூட்டமாக மாய்க்கும் கொடிய கழிச்சல் நோயொன்று உண்டு. குருதியின் வெண்கலங்களைக் குறைத்துவிடும் அதனைப் பான்லியூக்கோப்பீனியா என்பர். அது மனிதர்க்குத் தொற்றாது. அந்நோய்க்குப் பிறபொருளெதிரி இருத்தலும் காப்பு இருத்தலும் பெரும்பாலும் ஒன்றே. அதன் வைரசு பன்றியின் செங்குருதிக் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்யும் இயல்புடையது. பூனையின் நீர்ப்பாயம் அவ்வொட்டுதலை எந்த ஐதாக்கம் வரை தடுக்கின்றது என நோக்கி அளவிடுவர். நாற்பதில் ஒன்றாக ஐதாக்கியும் தடுக்குமாயின் காப்பு உண்டெனப் பல ஆய்வுகூடங்கள் கொள்ளும். மாறாக, பூனைகளுக்கு வரும் தடிமல் நோய்களில் மூக்கினதும் தொண்டையினதும் மேற்றோலிலும் கலங்களிலும் அமைந்த காப்பே முதன்மையாதலின், குருதியின் அளவு அவ்வளவு தெளிவான விடை தருவதில்லை. ஒரே பூனை, ஒரே துளிக் குருதி. ஆயினும் கேட்கும் வினாவுக்கு ஏற்ப விடையின் உறுதி மாறுகின்றது.

இவ்வளவீடு எங்ஙனம் உலக வழக்கிற்கு வந்தது என்பது தீவினராகிய நமக்குச் சுவைதரும் வரலாறு. கடல் சூழ்ந்த நிலமே நோயைத் தடுக்க வல்லது என்பதை முன்னர் உணர்ந்தவை தீவு நாடுகளே. பிரித்தானியாவில் இந்நோய் 1902இல் ஒழிக்கப்பட்டு, முதலாம் உலகப் போரின் முடிவில் வெளிநாட்டிலிருந்து கொணரப்பட்ட நாய்களால் மீண்டும் புகுந்து, 1922இல் மறுபடியும் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னர் நாயோ பூனையோ எதுவாயினும் ஆறு திங்கள் தடுத்துவைக்கப்பட்ட பின்னரே அங்கு நுழையலாம் என்னும் விதி நெடுங்காலம் நிலவியது. 2000ஆம் ஆண்டில், சில நாடுகளிலிருந்து வருபவற்றுக்கு அவ்விதி தளர்ந்து, தடுப்பூசியும் குருதிப் பரிசோதனையும் அதன் இடத்தைப் பெற்றன. யப்பானில் நாட்டினுள் இந்நோய் கடைசியாக விலங்கொன்றிற் காணப்பட்டது 1957இல்; அவ்விலங்கு ஒரு பூனை. இன்றும் அந்நாடு, நோயுள்ள நாடுகளிலிருந்து வரும் பூனைக்கு இரண்டு ஊசியும், குருதிப் பரிசோதனையும், அதன்பின் 180 நாட்காத்திருப்பும் வேண்டுமென விதித்துள்ளது.

நமது ஊரவர் பலர் இன்று இலண்டனிலும் பாரிசிலும் வாழ்கின்றனர். முதிய பெற்றோரைத் தம்முடன் அழைத்துக்கொள்ளும் பிள்ளைகள், அவர்கள் வளர்த்த பூனையையும் கொண்டுசெல்ல விரும்புதல் இயல்பே. அத்தகையோர் அறியவேண்டிய ஒழுங்கு இதுவாகும். முதலிற் பூனையின் தோலின் கீழ் அடையாளச் சில்லு பதித்தல் வேண்டும். அதன் பின்னரே தடுப்பூசி. ஊசியிட்டுக் குறைந்தது 30 நாட்கள் கழிந்தபின் குருதி எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஆய்வுகூடமொன்றில் அளப்பித்தல் வேண்டும். அளவு 0.5க்குக் குறையாதிருப்பின், குருதி எடுத்த நாளிலிருந்து மூன்று திங்கள் காத்திருந்தே புறப்படலாம். இவ்வொழுங்கின் முறை மாறின் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும். பயணச் சீட்டு வாங்கியபின் பூனையை நினைப்போர் பூனையை விட்டுச் செல்வதற்கு ஆளாவர். ஏறத்தாழ அரை ஆண்டுக்கு முன்னரே மிருக வைத்தியரை நாடுதல் நன்று. விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவன ஆதலின், அவ்வந்நாட்டு அலுவலகத்தில் உசாவியறிதலும் வேண்டும்.

மூன்று திங்கட் காத்திருப்பு எதற்கு என வினவலாம். ஊசி இடுவதற்கு முன்னரே பூனையைக் கடி தீண்டியிருக்குமாயின், நோய் அதன் உடலில் மறைந்து வளர்ந்துகொண்டிருத்தல் கூடும். குருதிப் பரிசோதனை அதனைக் காட்டாது, காலமே காட்டும். பரிசோதனையின் எல்லையை உணர்ந்தே இவ்விதி வகுக்கப்பட்டுள்ளது.

இதனினும் முதன்மையான ஓர் எல்லையை நமது தீவக மக்கள் அனைவரும் உள்ளத்திற் பதித்தல் வேண்டும். தடுப்பூசி பெற்ற பூனையே யாயினும், அதன் குருதி அளவு உயர்ந்ததே யாயினும், அது கடித்தவரோ பிறாண்டப்பட்டவரோ வைத்தியரை நாடாதிருத்தற்கு அவ்வெண் காரணமாகாது. புண்ணை உடனே சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலை செல்லுதலே முறை. பூனையின் ஊசி அட்டையையும் உடன்கொண்டு செல்லுங்கள். சிகிச்சை வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். காற்றும் கடலும் கொந்தளிக்கும் நாட்களில் துறை கடப்பது அரிதாகும் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு மக்களுக்கு “நாளை பார்ப்போம்” என்னும் சொல் ஏனையோர்க்கு இருப்பதினும் இடர் மிகுந்தது.

அவ்வாறாயின், நாட்டுப் பூனைகள் அனைத்தின் குருதியையும் அளத்தல் வேண்டுமோ எனின், வேண்டுவதில்லை. அதற்குரிய செலவைக் கொண்டு பல மடங்கு பூனைகளுக்கும் நாய்களுக்கும் ஊசி இடலாம். நோயின் ஊற்று நாயாதலால், நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாதவற்றுக்கு ஊசி இடப்பட்டால் நோயின் சங்கிலி அறும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. வீட்டுப் பூனைக்கு ஊசியை ஒழுங்காக இடுவித்து, மிருக வைத்தியர் குறித்த காலத்தில் மீட்டும் இடுவித்தலே போதுமானது. ஆயினும், ஊசிப் பணி நிகழ்ந்த ஒரு தீவிற் சில விலங்குகளைத் தெரிந்தெடுத்து, நான்கைந்து கிழமையின் பின் அவற்றின் குருதியை அளந்து பார்த்தல் மிகப் பயனுடையது. தனிப்பட்ட பூனையைப் பற்றி அறிவதற்காக அன்று. பெட்டியிற் கடல் கடந்த மருந்து ஆற்றலுடன் வந்து சேர்ந்ததா, பணி செவ்வனே நடைபெற்றதா என்பதை அறிவதற்காக. பத்து மாணவரின் விடைத்தாளைப் பார்த்து ஆசிரியர் தம் பாடத்தையே மதிப்பிடுவது போன்றது அது. நெடுந்தீவு போன்ற தனித் தீவில் விலங்குகள் தாமாக வந்துபோக இயலாமையால், அத்தகைய மதிப்பீடு பெருநிலத்தினும் தெளிவாக அமையும். கடல் நமக்கு இடையூறாவது உண்மை. முறையறிந்து பயன்படுத்தின் அதுவே நமக்கு அரணும் ஆகும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியம் பயில்வதற்குத் தீவகத்திலிருந்து மாணவர் செல்லுதல் வேண்டும் என்பது எமது பேரவா. அவ்வாறு கற்றுத் திரும்பும் ஒருவர், இங்கு யாம் சுருங்கக் கூறியதை ஊர்தோறும் செயலிற் காட்ட வல்லவராவார். அதுவரையில் பழைய மாணவராகிய நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஊசிப் பணியாளர் துறைக்கு வந்திறங்கும் நாளை அயலவர்க்கு அறிவித்தலும், நாயுடன் பூனையையும் கூடையிலிட்டுக் கொண்டுசெல்லத் தூண்டுதலும், இட்ட ஊசியின் நாளை அட்டையிற் குறித்துப் பேணுதலும் பெரும் பொருட்செலவு வேண்டாத பணிகள். அவற்றால் ஒரு குழந்தையின் உயிர் காக்கப்படுமாயின், கல்லூரி நமக்கு ஊட்டிய கல்வி பயன்பட்டதென்று நாம் மகிழலாம்.